எண்பதமும் காலவரையறையும்: பங்காருபேட்டைத் தங்கவயலை முன்வைத்து ஓர் அறநோக்கு

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் 548ஆம் குறள், மன்னன் தானே கெடுவதற்குரிய குறைகளை ஒரு வரிசையில் அடுக்குகிறது. முறை வேண்டி வருவோர் எளிதில் காணக்கூடியவனாக அவன் இராமை முதற்குறை. வந்தவர் கூறியதை ஆராயாமை அடுத்தது. முறை செய்யாமை இறுதியானது. இவற்றுள் ஓர்தலும் முறைசெய்தலும் நீதியின் பகுதிகள் என்பதில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. எண்பதமோ பெரும்பாலும் மன்னனின் தனிப்பண்பாக, அணுகுவதற்கு இனியவனாயிருத்தல் என்ற அளவில் கொள்ளப்பட்டு விடுகிறது. ஆனால் வள்ளுவர் அதனை முதலில் வைத்துள்ளார் என்பதும், அது இல்லாத மன்னனுக்கும் முறைசெய்யாத மன்னனுக்கும் ஒரே வீழ்ச்சியைக் கூறுகிறார் என்பதும் நோக்கத்தக்கன. கேளாமல் விடுவது, தவறாகத் தீர்ப்பதற்கு இணையான குற்றம் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும் பொருள் எனலாம்.

இன்றைய நீதிமன்றத்தில் மன்னனின் வாயில் இல்லை. அவ்விடத்தில் நடைமுறை விதிகள் நிற்கின்றன. உடலுக்கு நேர்ந்த தீங்கிற்கு இழப்பீடு கோரி ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகும்போது, சான்றுகள் கேட்கப்படுவதற்கு முன்னரே சில வினாக்கள் முடிவு செய்யப்படுகின்றன. இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு உண்டா, வழக்கு உரிய காலத்துக்குள் வந்ததா, வழக்குத் தொடர இவருக்கு உரிமை உண்டா, நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாதவர் என்று இவரை ஏற்கலாமா, எதிர்த்தரப்பின் கைவசமுள்ள ஆவணத்தைக் கொணரச் சொல்லலாமா என்பன அவ்வினாக்கள். இவற்றுள் ஒன்றில் விடை பாதகமானால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். தீங்கு நேர்ந்ததா, யாரால் நேர்ந்தது என்னும் வினாக்கள் எழவே மாட்டா. சட்டத்துறையினர் இம்முடிவுகளை நடைமுறை சார்ந்தவை என்று கூறி, வழக்கின் சாரத்தைத் தொட்ட முடிவுகளிலிருந்து பிரிப்பர். காயமுற்றவருக்கு இப்பிரிவினை விளங்குவதில்லை. அவர் தோற்றுவிட்டார் என்பது மட்டுமே அவருக்கு விளங்குகிறது. இவ்வாறு கேளாமல் விடும் முடிவுக்கு அறநோக்கில் என்ன நியாயம் கூற முடியும், அந்நியாயம் எங்கே நின்றுவிடுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. இவ்வினாவை வெறுங்கருத்தாக நிறுத்தாமல் ஒரு நிலத்தின்மீது வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

தங்கவயலும் தூசியும்

பங்காருபேட்டை, மைசூர் ஆணையராயிருந்த பௌரிங்கின் பெயரால் முன்னர் பௌரிங்பேட்டை என வழங்கிய ஊர். சென்னை–பெங்களூர் இருப்புப் பாதையிலிருந்து மாரிக்குப்பம் நோக்கிக் கிளைப்பாதை பிரியுமிடம் அது. அக்கிளையின் வழியே சென்றால் ஊரிகம், சாம்பியன் ரீப், மைசூர்ச் சுரங்கம், நந்திதுர்க்கச் சுரங்கம் ஆகியன அடங்கிய கோலார் தங்கவயல் வரும். 1880ஆம் ஆண்டு முதல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் இச்சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தமிழர்களே, அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே, சுரங்கத்தின் அடியில் உழைத்தோரில் பெரும்பான்மையினர். சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவணரசின் வசம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சாம்பியன் ரீப் சுரங்கம் அதற்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியிருந்தது. நிருவாக நோக்கில் பங்காருபேட்டை வட்டத்தின் பகுதியாயிருந்த தங்கவயல், 2018இல் தனி வட்டமாயிற்று.

இந்நிலத்தில் தங்கம் தனித்துக் கிடைப்பதில்லை. படிகக்கல்லோடு பிணைந்து கிடைக்கும் அதனைப் பெறப் பாறையைத் துளைக்கவும் வெடிக்கவும் அரைக்கவும் வேண்டும். அப்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, அதன் திசுக்களைத் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய் இந்தியாவில் முதன்முதல் 1947இல் கோலார் தங்கவயலிலிருந்து அறிவிக்கப்பட்டதாக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. பாறை வெடித்துச் சரிந்து நேரும் இறப்புக்கு நாளும் மணியும் உண்டு, அன்றே ஊரறியும். தூசி நோய்க்கு அவ்வாறு ஒரு நாள் இல்லை. பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கும் மேலோ தூசியில் உழைத்த பின்னரே அது வெளிப்படும். தூசியை விட்டு விலகிய பின்னும் அது முற்றக்கூடும். மூச்சிரைப்பை முதுமையென்று எண்ணுவாரும், காசநோயென்று மருந்துண்பாரும் உண்டு. இந்நோயுடையாரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் அப்பிழை மேலும் இயல்பாகிறது. நாள் குறிக்க இயலாத இத்தீங்கு, நாளை எண்ணி வாயிலைத் திறக்கும் சட்டத்தின்முன் வரும்போதுதான் மேற்கூறிய வினா கூர்மை பெறுகிறது.

உறங்கியவர் யார்?

காலவரையறைக்குச் சட்டம் கூறும் நியாயங்கள் பல. அவற்றுள் அறநோக்கில் எண்ணத்தக்கவை இரண்டே. தன் உரிமையில் விழிப்பாயிருப்பவனுக்கே சட்டம் துணைநிற்கும், உறங்கியவனுக்கு அன்று என்பது ஒன்று. காலம் செல்லச் செல்லச் சான்றுகள் அழியும். சாட்சிகள் இறப்பர், நினைவு மங்கும், எதிர்த்தரப்பு தன்னைக் காத்துக்கொள்ள இயலாமற் போகும் என்பது மற்றொன்று.

இரண்டாவது நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தமிழ் மரபில் நீதித் தவற்றின் பேருருவாக நிற்கும் கோவலன் கொலை, வாதியைக் கேளாததால் நேர்ந்ததன்று. குற்றஞ்சாட்டப்பட்டவனைக் கேளாததால் நேர்ந்தது. பொற்கொல்லனின் சொல் ஒன்றே போதுமெனக் கொள்ளப்பட்டது. எனவே எதிர்த்தரப்பு தன் பக்கத்தைக் கூறும் நிலையில் இருக்க வேண்டுமென்பது ஓர்தலின் இன்றியமையாத கூறு. முப்பதாண்டுகளுக்கு முன் நடந்ததாகக் கூறப்படும் ஒன்றுக்கு இன்று விடைகூறு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது அவரைக் கேளாமல் தண்டிப்பதற்கு நெருங்கிய செயலே. ஆகவே காலவரையறையின் மிகச்சிறந்த காவல், அது எண்பதத்தைச் சுருக்குவதாயினும் ஓர்தலைக் காக்கிறது என்பதுதான்.

இவ்விரு நியாயங்களையும் தூசி நோயின்மீது வைத்துப் பார்த்தால் இரண்டும் தளர்கின்றன. தன்னுள் நோய் வளர்வதை அறியாதவன் உறங்கினான் என்று கூறுவது பொருந்தாது. விழித்திருந்தும் காண ஒன்றுமில்லாத இருள் அது. சான்று மங்கும் என்னும் வாதமும் இங்குத் தலைகீழாகிறது. நுரையீரலில் உள்ள தழும்பு ஆண்டுகள் செல்லச் செல்ல ஊடுகதிர்ப் படத்தில் மேலும் தெளிவாகத் தெரிகிறது. முதலாண்டில் ஐயத்துக்குரியதாயிருந்தது பதினைந்தாம் ஆண்டில் ஐயமற்றதாகிறது. எஞ்சிய சான்றுகளான பணிப்பதிவேடு, தூசி அளவுக் குறிப்பு, மருத்துவப் பரிசோதனைத் தாள் ஆகியன தொழிலாளியின் நினைவில் இல்லை. முதலாளியின் அலமாரியில் உள்ளன. ஆகவே காலத்தால் வலுவிழப்பவர் எதிர்த்தரப்பினர் என்னும் எடுகோளே ஈண்டு உண்மைக்கு மாறானது.

இவ்வினாவை இருநாட்டு உயர்மன்றங்கள் நேருக்கு நேர் எதிர்கொண்டன. இரண்டிலும் நோய் தூசி நோயே என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் இருப்பூர்தி எஞ்சினில் தீயூட்டுபவராயிருந்து மணற்தூசியை உட்கொண்ட ஒருவர் 1941இல் வழக்குத் தொடுத்தார். மூன்றாண்டு வரம்பு கடந்துவிட்டது என்றது இருப்புப்பாதை நிறுவனம். நோய் தன்னை வெளிப்படுத்திய பின்னரே காலம் எண்ணப்பட வேண்டும், குற்றமற்ற அறியாமையைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1949இல் கூறியது. பதினான்காண்டுகள் கழித்து, 1963இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, எஃகு வார்ப்புகளைத் தேய்த்துச் செப்பனிட்ட தொழிலாளர் தொடுத்த வழக்கில் எதிர்முடிவு கண்டது. தீங்கு உடலில் நேர்ந்த நாளிலிருந்தே காலம் ஓடும், பாதிக்கப்பட்டவர் அறிந்தாரா என்பது பொருட்டன்று என்பது அம்முடிவு. அவ்வாறு கூறிய நீதிபதிகளே அதன் கடுமையை உணர்ந்திருந்தனர். சட்டத்தின் சொற்கள் வேறு வழி விடவில்லை என்றனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நீதிபதி வருந்திக்கொண்டே கதவைச் சாத்தும் இக்காட்சி சிந்தனைக்குரியது. விதி தன் நியாயத்தைக் கடந்து தனித்து நிற்கும்போது, அதனைப் பின்பற்றுவோர்க்கும் அது அயலாகிவிடுகிறது.

இந்தியச் சட்டம் இவ்வினாவை முன்னரே ஓரளவு உணர்ந்திருந்தது என்பதைக் கூறுதல் நேர்மை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923, விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் ஆணையரிடம் கோரிக்கை வைக்க வேண்டுமென்றது. தொழில்வழி நோய்களுக்கோ, நோயால் வேலைக்கு வர இயலாமற்போன தொடர்ச்சியின் முதல்நாளையே விபத்து நாளாகக் கொண்டது. வேலையை விட்டு நீங்கிய இரண்டாண்டுகளுக்குள் நோய்க்குறிகள் தோன்றினால், அவை முதலில் கண்டறியப்பட்ட நாளை விபத்து நாளாகக் கொள்ளவும் இடந்தந்தது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரத்தையும் ஆணையருக்கு அளித்தது. காலவரையறைச் சட்டம், 1963, இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. எதிர்த்தரப்பு எழுப்பாவிடினும் காலங்கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளியே தீர வேண்டும் என்பது அதன் மூன்றாம் பிரிவு. தாமதத்தைப் பொறுக்கும் ஐந்தாம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் உரியது, மூல வழக்குக்கு உரியதன்று.

ஆயினும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 'இரண்டாண்டு' தங்கவயலில் எவ்வாறு இயங்கும் என எண்ணிப் பார்க்க வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு பணி முடிந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2002இல் அவருக்கு மூச்சிரைப்பு தோன்றிக் கண்டறியப்பட்டால் விதி அவருக்குத் துணை. 2008இல் தோன்றினால், நோயின் இயல்புப்படி அது வியப்பன்று, அவ்விதியின் துணை அவருக்கு இல்லை. காரணம் காட்டிப் பொறுக்குமாறு வேண்டும் இரவலர் நிலையே எஞ்சுகிறது. முதலாமவருக்கு உரிமை, இரண்டாமவருக்கு இரக்கம். இருவரும் ஒரே குழியில், ஒரே தூசியில் நின்றவர்களாயிருக்கலாம். இருவரையும் பிரிப்பது அவர்தம் விழிப்போ ஒழுக்கமோ அன்று. நுரையீரலின் தாங்குதிறன் மட்டுமே. இரண்டாண்டு என்னும் எண்ணிக்கை எந்த மருத்துவத்திலிருந்து வந்தது என வினவினால் விடையில்லை. எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டுமென்பது நிருவாகத்தின் தேவை. கிழித்த இடம் நோயின் இயல்பைப் பார்த்துக் கிழித்ததாக இருக்க வேண்டுமென்பது அறத்தின் தேவை. 2010இல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர்மாறிய அச்சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 ஏற்றுள்ளது. தங்கவயலின் முன்னாள் தொழிலாளரைப் பொறுத்தவரை, கடந்த கால்நூற்றாண்டில் எழுந்த கோரிக்கைகள் பழைய கோட்டால் அளக்கப்பட்டவையே.

அப்பழைய சட்டத்தில் மற்றொரு வாயிலும் இருந்தது. ஆணையரிடம் கோரிக்கை வைத்தவர் அதே காயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர இயலாது. வழக்குத் தொடர்ந்தவர் ஆணையரிடம் செல்ல இயலாது. ஆணையரிடம் முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, ஆனால் தொகை அட்டவணைக்கு உட்பட்டது. நீதிமன்றத்தில் தொகைக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை, ஆனால் தவறு மெய்ப்பிக்கப்பட வேண்டும். இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்வது உரிமையே. ஆனால் அத்தேர்வு நிகழும் வேளை, காயமுற்றவருக்கு எதுவும் தெரியாத வேளை. நோய் எவ்வளவு முற்றும், நிறுவனம் எதனை அறிந்திருந்தது என்பன அவர் கைக்கு எட்டா. அறிந்தபின் திரும்ப வழியில்லை.

ஓலை யார் கையில்?

சான்று எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது மன்றம் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கியம் இரு காட்சிகளைத் தருகிறது.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம், ஒரு வழக்கு நடவடிக்கையை இத்துணை நுட்பமாகக் கூறும் தமிழ்ப் பகுதிகளுள் முதன்மையானது. முதியவர் ஒருவர் சுந்தரரைத் தம் வழியடிமையென்று உரிமை கோருகிறார். சுந்தரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு அவை கேட்கிறது. கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். ஆனால் அதனை உடனே நீட்டவில்லை. இதனையும் இவன் கிழிக்காதவாறு காக்க இயலுமானால் காட்டுவேன் என்கிறார். அவையினர் அவ்வுறுதியை அளித்த பின்னரே ஓலை வெளிவருகிறது. பின்னர், பாட்டனாரின் கைச்சாத்து அவருடைய வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கப்படுகிறது. பக்தி நோக்கில் இது இறைவனின் திருவிளையாடல். நடைமுறை நோக்கில் பார்த்தால், தீர்ப்புக்கு முந்திய ஒரு சிறு முடிவு, அதாவது ஆவணத்துக்கு அவை அளித்த காவல், இல்லாவிடில் வழக்கு வேறுவிதமாக முடிந்திருக்கும். ஆவணத்தை அழித்தவன் அவ்வழிவினால் பயன்பெறலாகாது என்பதையும் அவை உணர்ந்திருந்தது.

மற்றொன்று சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. இங்குச் சான்றாகிய சிலம்பு அரசனின் காவலில் உள்ளது. எதிர்த்தரப்பும் அரசனே, நடுவனும் அவனே. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், தன் தேவியின் சிலம்பிலிருப்பது முத்து என்று கூறும் பாண்டியன், கைப்பற்றிய சிலம்பைக் கொணர்வித்து அவள்முன் வைக்கச் செய்கிறான். கோவலன் பொருட்டு ஓர்தலில் தவறியவன் அவன். ஆயினும் வாயிலோன் வந்து அறிவித்தபோது தலைவிரி கோலத்தோடு நின்றவளை உள்ளே அழைத்ததிலும், தனக்கெதிரான சான்றைத் தானே முன்வைத்ததிலும் அவன் தவறவில்லை. ஒரே மன்னனிடம் ஓர்தலின்மையும் எண்பதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்னது இருந்தமையாலேயே முன்னதன் பிழை வெளிப்பட்டது.

சுரங்கத் தொழிலாளியின் சிலம்பு நிறுவன மருத்துவமனையின் ஊடுகதிர்ப் படம். 1995ஆம் ஆண்டு கல்நார்த் தொழிலாளர் தொடர்பான பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உணர்ந்தே, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் பணி தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது பணி நீங்கிய பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென ஆணையிட்டது. அவ்வாணை கல்நார்த் தொழிலுக்கு உரியது. அதன் அடிப்படையோ நாள்பட்டு வெளிப்படும் எந்நோய்க்கும் பொருந்தும். பதிவை 40 ஆண்டுகள் காக்கக் கூறும் நீதி, நோய்க்குறி இரண்டாண்டுகளில் தோன்ற வேண்டுமென்னும் விதியோடு எவ்வாறு ஒத்து வாழும் என்பது கேட்கப்பட வேண்டிய வினா. ஒன்று நோயின் காலத்தை அளவுகோலாகக் கொள்கிறது, மற்றொன்று நிருவாகத்தின் காலத்தை.

எந்த ஊர் மன்றம்?

சுரங்கம் மூடியபின் தங்கவயலின் உழைப்பாளர் பலர் நாள்தோறும் மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று மீள்பவராயினர். அவர்களுள் ஒருவர் பெங்களூரில் கட்டுமானப் பணியிலோ சாலையிலோ காயமுற்றால் எந்த ஊரில் முறையிடுவது? காயம் நேர்ந்த இடத்தின் மன்றமே அதிகாரமுடையது என்றால், படுக்கையில் கிடப்பவர் ஒவ்வொரு தவணைக்கும் பெருநகர் செல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1995இலும் செய்யப்பட்ட திருத்தங்கள், கோருபவர் வாழும் இடத்திலும் கோரிக்கை வைக்கலாம் என்றன. எண்பதம் என்னும் சொல்லுக்கு இக்காலச் சட்டத்தில் ஓர் உரை எழுத வேண்டுமாயின் இத்திருத்தங்களையே காட்டலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வாகன விபத்துக் கோரிக்கைகளுக்கான ஆறுமாதக் காலவரையறையையும் முற்றிலும் நீக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆறுமாதத்தை மீட்டு, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இடம் நெருங்கியது, காலம் மீண்டும் சுருங்கியது.

இடம் பற்றிய முடிவு எத்துணைப் பெரிதாக விளையக்கூடும் என்பதற்குப் போபால் சான்று. 1984 டிசம்பரில் நேர்ந்த நச்சுவாயுக் கேட்டுக்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்குகளை, இந்திய நீதிமன்றங்களே உரிய இடம் எனக் கூறி நியூயார்க் நீதிபதி கீனன் 1986 மே மாதம் திருப்பி அனுப்பினார். 1987 டிசம்பரில் போபால் மாவட்ட நீதிமன்றம், விசாரணை முடியுமுன்னரே பாதிக்கப்பட்டோர்க்கு 350 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 1988 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைத்தது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டு உரிமையியல் வழக்கு முடிந்தது. எந்த மன்றம், எவ்வளவு இடைக்காலத் தொகை, உடன்பாடு ஏற்கத்தக்கதா என்னும் முன்னிலை முடிவுகளே அவ்வழக்கின் முழு வரலாறு. நச்சுவாயு ஏன் கசிந்தது, யார் பொறுப்பு என்று சான்றுகளைக் கேட்டு இழப்பீட்டைத் தீர்மானித்த விசாரணை ஒன்று நடைபெறவேயில்லை. இவற்றுள் இடைக்கால ஆணை தனித்து எண்ணத்தக்கது. முன்னிலை முடிவு எப்போதும் கதவைச் சாத்துவதன்று. விசாரணை நீளுங்காலம் முழுவதும் வாதி உயிரோடிருக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை ஏற்ற முடிவு அது.

இதற்கு மறுதலையாக, தென்னாப்பிரிக்கக் கல்நார்ச் சுரங்கத்தால் நோயுற்றோர் இலண்டனில் தொடுத்த வழக்கை அங்கேயே நடத்தலாமெனப் பிரபுக்கள் அவை 2000இல் இசைந்தது. சொந்த நாட்டில் வழக்கு நடத்தப் பொருளுதவியும் சட்டத்துணையும் கிட்டாத நிலையில் அவர்களைத் திருப்பி அனுப்புவது நீதியை மறுப்பதாகும் என்பது அதன் காரணம். வாயில் திறந்திருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அதுவரை நடந்து செல்ல இவருக்குக் கால் உண்டா என்றும் கேட்ட முடிவு எனலாம்.

வாதி இறந்தபின்

தங்கவயலின் வினாவுக்கு மிக அணுக்கமான வழக்கும் தென்னாப்பிரிக்காவில்தான் எழுந்தது. வால் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் 1979 முதல் 1995 வரை அடிச்சுரங்கத்தில் உழைத்த ஒருவர், தூசி நோயும் காசநோயும் உற்று வேலையிழந்தார். சுரங்க நோய்களுக்கான தனிச்சட்டத்தின்கீழ் அவர் பெற்றது 16,320 ராண்டு. ஏறத்தாழ 26 இலட்சம் ராண்டு கோரி அவர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். பொது இழப்பீட்டுச் சட்டமொன்று தொழிலாளர் முதலாளிமீது வழக்குத் தொடர்வதைத் தடுக்கிறது, ஆகவே இவ்வழக்கைக் கேட்கவே கூடாது என்று நிறுவனம் முதல்நிலையிலேயே தடை எழுப்பியது. உயர் நீதிமன்றம் அத்தடையை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. 2011 மார்ச் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைத் தகர்த்து, அவர் வழக்குத் தொடரலாம் என்றது. தீர்ப்புக்குச் சில நாள்கள் முன்னர் அவர் இறந்துவிட்டார். கேட்கப்படலாம் என்னும் முடிவை எட்டவே வாதியின் எஞ்சிய வாழ்நாள் செலவாயிற்று.

அத்தீர்ப்பின் வழிவந்ததே, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பெருந்தொகுதியாகக் கொண்டு 32 நிறுவனங்கள்மீது எழுந்த கூட்டு வழக்கு. 2016 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் கூட்டாக வழக்கு நடத்த இசைவளித்தது. ஒவ்வொருவரும் தனித்து வருமாறு கூறினால் பெரும்பாலோர் வரவே இயலாது என்பதை அது கருதியது. மற்றொன்றையும் அது முடிவு செய்தது. வலிக்கும் துன்பத்துக்குமான இழப்பீட்டுரிமை, வாதங்கள் நிறைவுறுமுன் வாதி இறந்தால் அவரோடு மறையும் என்பது பழைய விதி. அவ்விதியை நீதிமன்றம் மாற்றி, அவ்வுரிமை அவருடைய உடைமையைச் சேரும் என்றது. விதியைப் பழையவாறே விட்டிருந்தால், வழக்கை இழுத்தடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எதிர்த்தரப்புக்கு வருவாயாக மாறியிருக்கும். ஒவ்வோர் இறப்பும் அதன் கணக்கில் ஒரு கழிவு. 2019 சூலையில் ஏறத்தாழ 500 கோடி ராண்டு மதிப்பிலான உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 1965 மார்ச் 12க்குப் பின் அச்சுரங்கங்களில் உழைத்தோரும், இறந்தோரின் குடும்பத்தாரும் அதனுள் அடங்கினர்.

இந்தியாவில் இவ்வினா வேறு நிலையில் உள்ளது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, 306ஆம் பிரிவு, இறந்தவரின் வழக்குரிமைகள் பொதுவாக அவருடைய உடைமைப் பொறுப்பாளரைச் சேரும் என்று கூறிவிட்டு, இறப்புக்குக் காரணமாகாத உடற்காயத்தை விலக்காக வைத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம், வாகன விபத்தில் காயமுற்றுப் பின்னர் வேறு காரணத்தால் இறந்தவரின் கோரிக்கையில், உடைமைக்கு நேர்ந்த இழப்பு வாரிசுகளைச் சேரும், அவர்தம் வலிக்கும் துன்பத்துக்குமான பகுதி சேராது என்றது. தூசி நோயுற்றவரின் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் காசநோயென்றோ இதயம் நின்றதென்றோ எழுதப்படுமானால், தூசியே இறப்புக்குக் காரணம் என்பதை அவருடைய மனைவி முதலில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் காயம் 'இறப்புக்குக் காரணமாகாதது' என்னும் விலக்குக்குள் சென்றுவிடும். மருத்துவர் ஒரு தாளில் எழுதும் ஒரு சொல் அவளை வாயிலில் நிறுத்தக்கூடும்.

மனுநீதிச் சோழனின் மணியை அடித்த பசுவுக்குப் பேச்சில்லை. காலவரையறையோ கட்டணமோ கேட்கப்படவில்லை. நடந்ததைக் கேட்டறிந்து எடுத்துரைக்கும் பொறுப்பை அமைச்சர் ஏற்றார். அந்த வழக்கில் தீங்குற்ற கன்று ஏற்கெனவே இறந்திருந்தது. வழக்காட வந்தது தாய். கன்றின் வலி கன்றோடு போயிற்று என்று அந்த அவையில் எவரும் கூறவில்லை. பங்காருபேட்டையில் கிளைவண்டி மாறி, கணவரின் பணிச்சீட்டும் ஒரு பழைய ஊடுகதிர்ப் படமுமாக வழக்கறிஞரைத் தேடிச் செல்லும் ஒரு கைம்பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவன, அவர் எப்போது வேலையை விட்டார், எப்போது இறந்தார் என்னும் இரண்டு நாள்களே. அவர் எதனை மூச்சாக உள்வாங்கினார் என்பது, அவ்விரு நாள்களும் பொருந்தினால், அதன்பின் கேட்கப்படும்.